ஆறெழுத்துக்கு ஆறு மிதி

"மிதி" என்றேன்.

காரின் இடது பின் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சாக்கின் மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். கையில் ஸ்பேனர். பிரேக்கில் காற்று எடுக்கிற நிப்பிளில் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறு முனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டிருந்தேன். எல்லாம் எப்போதும் செய்கிற மாதிரிதான்.

பதில் வரவில்லை. காதில் விழவில்லையோ என்று கொஞ்சம் சத்தமாக, "மிதி சரோஜா" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. கதவு திறந்தபடி கிடந்தது. எதிர்வீட்டு மதில் மேல் உட்கார்ந்திருந்த பூனை மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

என் மனைவி சரோஜா தை மாதம் போய்ச் சேர்ந்தாள். இது நடந்தது ஆடியில். ஆறு மாதமாகக் காலையில் எழுந்து ஒரு டம்ளர் காப்பி மட்டும் போடக் கற்றுக்கொண்டிருந்தேன். ஒரு தட்டு மட்டும் கழுவக் கற்றுக்கொண்டிருந்தேன். ஆனால் இந்தப் பிரேக் வேலை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவது. அது அவள் இல்லாமல் வருவது இதுதான் முதல் தடவை. நாக்குக்கு அது தெரியவில்லை.

இரண்டு ஆள் வேலை

போன வாரம் இந்தப் பத்திரிகையில் மில் மூடிய கதையை எழுதியிருந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி மில்லுக்குள் போனவன் நான். ஃபிட்டர் வேலை. மில் போன பிறகு பள்ளிக்கூடத்து வேன் ஓட்டினேன். கை மட்டும் ஃபிட்டர் கையாகவே இருந்துவிட்டது. வீட்டு வண்டியை இன்னொருவர் திறந்தால் எனக்குத் தூக்கம் வராது.

கார் இல்லாதவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

பிரேக்கை மிதித்தால், அந்த அழுத்தம் எண்ணெய் வழியாகக் குழாய்களில் ஓடி நாலு சக்கரத்துக்கும் போகும். அந்த எண்ணெயில் காற்று புகுந்துவிட்டால் போச்சு. எண்ணெய் நசுங்காது, காற்று நசுங்கும். பெடலை மிதித்தால் இலவம்பஞ்சுத் தலையணையை மிதிக்கிற மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. எண்ணெயும் நாளாக நாளாக ஈரம் குடித்துக் கறுத்துவிடும். நம் ஊர்க் கடற்காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பழைய எண்ணெயை இறக்கிப் புதுசு ஊற்றி, காற்றையும் எடுத்துவிட வேண்டும்.

அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை நாலைந்து தடவை மிதித்துக் கடைசியில் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே இருக்கிறவர் நிப்பிளைத் திறந்தால் காற்றும் எண்ணெயும் குமிழி விட்டுக்கொண்டு வரும். திரும்ப மூடிய பிறகுதான் மேலே இருக்கிறவர் காலை எடுக்கலாம். முன்னாலேயே எடுத்தால், போன காற்று அப்படியே உள்ளே திரும்பி வந்துவிடும்.

மிதி, பிடி, விடு. இந்த மூன்று சொல்லும் எங்கள் வீட்டில் புழங்கியவை.

முதல் தடவை கூப்பிட்டபோது சரோஜா அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள்.

"எத்தினி தடவ மிதிக்கணும்?"

"அஞ்சாறு."

"அஞ்சா, ஆறா? சரியாச் சொல்லுங்க. அப்புறம் என்னைக் கத்துவீங்க."

"சரி, ஆறு."

"ஆறுன்னா கணக்கே வேணாம். சரவணபவ சொல்லிக்கிறேன்."

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். ச, ர, வ, ண, ப, வ. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மிதி. கடைசி எழுத்தில் காலை அழுத்திக்கொண்டு, "பிடிச்சிட்டேன்" என்பாள். நான் திறப்பேன், மூடுவேன், "விடு" என்பேன். மூன்று சுற்று முடிந்தால் நான் கேட்காமலே அவள் குரல் வரும்: "மூணு ஆச்சி. டப்பாவப் பாருங்க."

டப்பா என்றால் மேலே பானெட்டுக்குள் இருக்கிற எண்ணெய் டப்பா. கீழே இறங்க இறங்க மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அது வறண்டதில்லை. என் கெட்டிக்காரத்தனம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மிதியடி

சரோஜாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, நான் ஓட்டிய தூரமெல்லாம் அவளும் ஓட்டினாள் என்றே சொல்ல வேண்டும். குறுக்கே ஒரு நாய் வந்தாலும் சரி, நான் பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்னால் அவள் வலது கால் தரையை மிதித்துவிடும். டொக் என்று சத்தம் கேட்கும்.

"அங்க பிரேக் இல்ல சரோஜா."

"உங்க காலு லேட்டு. அதான் நான் மிதிக்கிறேன்."

அந்தப் பக்கத்து ரப்பர் மிதியடியில் அவள் குதிகால் பட்டுப் பட்டு, எலுமிச்சம்பழ அளவுக்கு ஓட்டையே விழுந்துவிட்டது. மாற்ற வேண்டும் என்று பல தடவை பேசியிருக்கிறோம்.

வெள்ளிப் பாதம்

இந்த வாரம் நான் சொல்ல வந்ததற்கு மூலமே வேறு.

சரோஜாவுக்குச் சர்க்கரை உண்டு. போன மழைக்காலத்தில் வலது பாதத்தில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. விரலை எடுக்க வேண்டியிருக்கலாம் என்றார் டாக்டர். அன்றைக்கு இரவே அவள் மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். கால் தப்பித்தால் ஆடிக் கிருத்திகைக்கு மலையேறி வந்து வெள்ளியில் ஒரு பாதம் செய்து போடுவதாக.

முருகன் கைவிடவில்லை. புண் ஆறிற்று. விரல் ஐந்தும் இருந்தன. உள்ளங்கையில் அடங்குகிற சின்ன வெள்ளிப் பாதம் ஒன்று வாங்கி, மஞ்சள் துணியில் முடிந்து, காரின் டாஷ்போர்டுப் பெட்டியில் வைத்தாள். வீட்டில் வைத்தால் மறந்துவிடுவோமாம்.

கால் ஆறிய பிறகு நெஞ்சு நோவு வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டே நாள். இரண்டாம் நாள் காலையில் என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"ஆடிக் கிருத்திகைக்கு நம்ம வண்டியிலயே போயி அத போட்டுட்டு வந்துடுங்க. பஸ்ல போவாதீங்க. கூட்டத்துல தொலச்சிட்டு வந்து நிப்பீங்க."

"நீயே வந்து போடு" என்றேன். சிரித்தாள். அதுதான் கடைசிப் பேச்சு என்று அப்போது எனக்குத் தெரியாது.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷம் மலைக்கோயில் ஏறக் கூடாது. எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் குருக்களிடம் கேட்டேன். "நீர் அடிவாரத்தோட நில்லும். வேற யார் கையிலயாவது மேல குடுத்தனுப்பும். சாமி ஏத்துக்குவார்" என்றார். யார் கையில் என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் வண்டியைச் சரி செய்வோம், மிச்சத்தை முருகன் பார்த்துக்கொள்வான் என்று இறங்கினேன். கிருத்திகைக்கு எட்டு நாள் இருந்தது.

விளக்கு ஏற்றப் போன நேரம்

யாரும் மிதிக்காமலே செய்ய ஒரு வழி இருக்கிறது. நிப்பிளைத் திறந்து விட்டுவிட்டால் எண்ணெய் தன் பாரத்திலேயே சொட்டுச் சொட்டாக இறங்கும். நேரமாகும், அவ்வளவுதான். ஆள் இல்லாதவனுக்கு அதுதான் வழி என்று திறந்துவிட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. விளக்கேற்றுகிற நேரம் வந்துவிட்டது. அவள் இருந்தவரை அது அவள் வேலை. இப்போது என் வேலை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். திரி நனைத்து ஏற்றி, அவள் படத்துக்குப் பூ வைத்தேன். ஒரு நிமிஷம் உட்கார்ந்தேன்.

ஒரு நிமிஷம் என்றுதான் நினைத்தேன். வெளியே தனியாக "மிதி" என்று கூப்பிட்டதை அவளிடம் சொன்னேன். பூனை பார்த்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல வேறு என்னென்னவோ வந்தது. அந்த ஆறு மாதத்தில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான்.

வெளியே வந்து பார்த்தால் பாட்டில் நிரம்பி, சாக்கெல்லாம் எண்ணெய். ஓடிப் போய் பானெட்டுக்குள் பார்த்தேன். டப்பாவின் அடி வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு சொட்டு இல்லை.

"மூணு ஆச்சி. டப்பாவப் பாருங்க" என்று சொல்ல ஆள் இல்லாத வீடு.

பழைய காலத்து வண்டியாக இருந்தால் மறுபடி ஊற்றிக் காற்றை எடுத்தால் முடிந்தது. என் வண்டியில் ஏ.பி.எஸ். இருக்கிறது. சடாரென்று பிரேக் போட்டாலும் சக்கரம் உறைந்து வழுக்காமல் இருக்க, பானெட்டுக்குள் ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் சின்னச் சின்ன கதவுகள், ஒரு பம்பு. டப்பா வறண்டு காற்று அதற்குள் போய்விட்டால், சாதாரணமாக மிதிப்பதற்கெல்லாம் வெளியே வராது. வீட்டுக்குள் புகுந்த பூனை பரணில் ஏறிக்கொண்ட மாதிரி.

அது எனக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. எண்ணெய் ஊற்றினேன், மறுபடி சொட்ட விட்டேன், சக்கரத்தை மாட்டினேன், நானே ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தேன். எஞ்சின் அணைந்திருக்கும்போது பெடல் ஓரளவு நின்றது. ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்க ஆசைப்பட்டேன். நினைத்துவிட்டேன். மறுநாள் விடிகாலையில், ரோட்டில் ஆள் இருக்காது என்று வண்டியை எடுத்தேன்.

ஒரு ஃபிட்டர் செய்யக் கூடாத காரியம். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மணிக்கூண்டு அருகே

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுகிட்டே வரும்போது, தலையில் அலுமினிய அன்னக்கூடையோடு ஒரு பெண் ரோட்டைக் கடந்தாள். பிரேக்கை மிதித்தேன். கால் தரை வரைக்கும் போய்விட்டது. முருகா என்று ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். வண்டி ஒரு உதறு உதறி, அவளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

கூடை விழுந்து, கிழங்கான் மீனெல்லாம் ரோட்டில் பரவிற்று.

"கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?" என்று திரும்பியவள் என்னைப் பார்த்ததும் நின்றாள். "அட, சரோஜாக்கா வூட்டுக்காரு."

அஞ்சலை. குருசுக்குப்பத்திலிருந்து இருபது வருஷமாக எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவந்தவள். சரோஜா போன பிறகு அவள் கூவுகிற சத்தம் எங்கள் தெருவில் கேட்கவே இல்லை. எனக்கு மீன் ஆயத் தெரியாது என்பதால் நானும் தேடவில்லை.

"பிரேக் புடிக்கல அஞ்சல."

"புடிக்காத வண்டிய எதுக்கு ரோட்டுக்கு எட்டாந்த? அக்கா பின்னாடியே போவலாம்னு பாத்தியா? போறதுன்னா நீ போ. என்னை எதுக்குத் தொணைக்கு இழுக்கற? எனக்குப் பேரனுக்குக் காது குத்தற வேல இருக்குது."

கீழே உட்கார்ந்து மீனைப் பொறுக்கிப் போட்டேன். அவளும் உட்கார்ந்து பொறுக்கினாள். அதற்குள் ஒரு காக்காய் வந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிற்று. துரத்த எழுந்தேன்.

"வுடுண்ணே. அக்காவுக்குப் போச்சின்னு வெச்சிக்க. கிழங்கான்னா அதுக்கு உசுரு."

"ஏன் அஞ்சல இப்பல்லாம் தெருப்பக்கமே வர்றதில்ல?"

"வந்தா காலு தானா உன் வாசல்ல போயி நிக்குது. அதான் அடுத்த தெருவால சுத்திக்கினு போறேன்."

மீனைப் பொறுக்கிக்கொண்டே வெள்ளிப் பாதத்தின் கதையைச் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. அவள் மீனில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டாள். டீக்கடையில் இருந்த இரண்டு பேர் வண்டியை வீடு வரைக்கும் தள்ளிக்கொடுத்தார்கள்.

காதர் பாய் சொன்ன வழி

காதர் பாய் என் வயசு. டவுனில் மெக்கானிக்காக இருந்து, முட்டி தேய்ந்து இப்போது வீட்டோடு இருக்கிறார். போன் போட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

"தணிகாசலம், டப்பாவ வறள வுட்டியா? நீயா?"

"நான்தான் பாய்."

அதற்கு மேல் அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பெரிய மனுஷர்.

"ஒர்க்‌ஷாப்ல கம்ப்யூட்டர் மாட்டுனா, உள்ள இருக்கிற பம்ப அதுவே ஓட்டும், காத்து வெளிய வந்துடும். அதான் நேர் வழி."

"கேட்டுட்டேன். கிருத்திகை முடிஞ்சிதான் தேதி குடுத்திருக்கான்."

"அப்பன்னா பழைய வழி. முதல்ல ஆள் வெச்சி நாலு சக்கரத்துலயும் ஒழுங்கா ஏர் எடு. பெடல் ஓரளவுக்கு நிக்கும். அப்புறம் ஆளில்லாத சரளைத் தரையா பாத்து, மெதுவா ஓட்டிப் போயி சடார்னு மிதி. ஏ.பி.எஸ். கடகடன்னு வேல செய்யும். அப்ப உள்ள கதவு தொறந்து, அடைஞ்ச காத்து குழாய்க்கு வந்துடும். மறுபடியும் ஏர் எடு. கல்லு மாதிரி ஆனா எடுத்துட்டுப் போ. ஆவலன்னா வண்டியத் தொடாத. நீ முருகன் பேர சொல்லி மிதிச்சாலும் சரி, நான் பிஸ்மில்லா சொல்லி மிதிச்சாலும் சரி, காத்து இருந்தா வண்டி நிக்காது."

"ஆள் வெச்சி" என்றார் பாய். அதுதானே இல்லை.

மத்தியானம் பிரான்சிலிருந்து என் மகன் குமரன் கூப்பிட்டான். மருமகள் வீட்டார் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள். கல்யாணத்தோடு அவனும் அங்கே போய்விட்டான். பேரன் முதலில் வந்து, "சவா தாத்தா?" என்றான். "சவாடா கண்ணு" என்றேன். நலமா என்றால் நலம் என்று சொல்லத்தானே வேண்டும்.

குமரனிடம் மணிக்கூண்டு விஷயத்தை மறைக்க முடியவில்லை.

"டாக்ஸி வெச்சிக்கிட்டுப் போங்கப்பா. அம்மா ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

"நம்ம வண்டியிலன்னு சொன்னாடா."

"உங்களுக்கும் ஒண்ணு ஆச்சின்னா நான் யாருக்குப்பா போன் பண்றது?"

பெடல் கல்லு மாதிரி ஆகவில்லை என்றால் வண்டியைத் தொட மாட்டேன், அம்மா மேல் சத்தியம் என்றேன். அப்படி ஆகாமல் போனால் அவள் கேட்ட ஒரே காரியமும் நடக்காது. அதை அவனிடம் சொல்லவில்லை.

லாபம், ரெண்டு, மூணு

இரண்டு நாள் கழித்து, பத்து மணி வாக்கில் வாசலில் காலி அன்னக்கூடையை வைக்கிற சத்தம் கேட்டது.

"எந்த எடத்த மிதிக்கணும்? காட்டு" என்றாள் அஞ்சலை.

"உனக்கு எதுக்கு அஞ்சல சிரமம்."

"என்மேல ஏத்தப் பாத்த வண்டி. அத நாலு மிதி மிதிச்சாதான் எனக்கு மனசு ஆறும்."

சீட்டில் ஏறி உட்காருவதற்கு முன்னால் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நடு பெடலைக் காட்டினேன். ஆறு தடவை மிதிக்க வேண்டும், ஆறாவதில் பிடித்துக்கொள்ள வேண்டும், நான் விடு என்று சொல்கிற வரைக்கும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கீழே படுத்தேன்.

"மிதி" என்றேன்.

"லாபம்... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சி... ஆறு."

மீன் எண்ணுகிறவர்கள் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த வழக்கத்தில் வந்தது.

"பிடிச்சிட்டியா?"

"புடிச்சாச்சி. எங்க ஓடிடப் போவுது?"

நிப்பிளைத் திறந்தேன்.

"யம்மாடி! காலு எறங்குதே! ஒடச்சிட்டனா?" என்று காலைத் தூக்கிவிட்டாள். போன காற்று அப்படியே உள்ளே போயிற்று.

"எறங்கும் அஞ்சல. எறங்கணும். பயப்படாம புடிச்சிக்க."

"இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? அக்கா உன்கிட்ட எப்பிடித்தான் இத்தினி வருசம் குப்ப கொட்டிச்சோ."

மூன்றாவது நாலாவது தடவையில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. இடது பின் சக்கரம், வலது பின் சக்கரம், அப்புறம் முன்னால். என் வண்டிக்கு அதுதான் முறை. மேலே அவள் லாபம், ரெண்டு என்று எண்ணிக்கொண்டே போனாள். ஆனால் டப்பாவைப் பார்க்கச் சொல்ல அவளுக்குத் தெரியாது. அந்தக் கணக்கை நான்தான் வைக்க வேண்டும். அவள் ஒவ்வொரு மிதிக்கும் நான் கீழே ஒரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டேன்.

"அடியில இன்னாண்ணே முணுமுணுன்னு?"

"ஒண்ணுமில்ல. டப்பாவுக்குக் கணக்கு."

மூன்று சுற்றுக்கு ஒரு தடவை எழுந்து போய் எண்ணெய் ஊற்றினேன். டப்பா வறளவில்லை.

இறங்கும்போது எட்டிப் பார்த்து, "அந்தப் பக்கத்து ரப்பர் மேட்டு மட்டும் ஏன் ஓட்டையா இருக்குது?" என்றாள். சொன்னேன். சிரித்தாள். சிரித்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சரளைக் கல்

பாய் சொன்ன மாதிரியே பெடல் ஓரளவு நின்றது. ஆனால் அடியில் இன்னும் பஞ்சு இருந்தது.

மனை பிரித்துச் சரளை கொட்டிவிட்டு, யாரும் வீடு கட்டாமல் கிடக்கிற இடம் ஒன்று எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறது. மறுநாள் விடிந்ததும் முதல் கியரில், ஒரு கையை ஹேண்ட் பிரேக் மேலேயே வைத்துக்கொண்டு அங்கே போனேன். குமரனிடம் இந்த நாலு தெருவைச் சொல்லவில்லை. இந்த வாரம் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வான்.

கொஞ்சம் வேகம் எடுத்துச் சடாரென்று மிதித்தேன். சரளையில் சக்கரம் வழுக்கப் பார்த்தது. உடனே காலுக்கடியில் கடகடகடவென்று ஒரு நடுக்கம். உள்ளே யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. வண்டி நின்றது. புழுதி வந்து கண்ணாடியை மூடிற்று.

திருப்பிக்கொண்டு போய் மறுபடி. மறுபடி. ஆறு தடவை செய்தேன். வெறும் மனைகளும் எல்லைக் கல்லும் தவிர அங்கே யாரும் இல்லை. சரோஜா பக்கத்தில் இருந்திருந்தால், முதல் தடவையிலேயே "என்னை எறக்கி வுட்டுட்டு உங்க வித்தையக் காட்டுங்க" என்றிருப்பாள். ஒவ்வொரு தடவை புழுதி அடங்கும்போதும் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பத்து மணிக்கு அஞ்சலை வந்தாள். மறுபடியும் லாபம், ரெண்டு, மூணு. முதல் மூன்று சக்கரத்தில் ஒன்றும் இல்லை. வலது முன் சக்கரத்தில் திறந்ததும், சோடாவை உடைத்த மாதிரி பொடிப் பொடியாகக் குமிழி வந்தது. பரணில் இருந்த பூனை இறங்கிவிட்டது. குமிழி நிற்கும் வரைக்கும் எடுத்தேன்.

"எஞ்சின ஆன் பண்றேன். இப்ப மிதி."

மிதித்தாள். இன்னும் ஒரு தடவை அழுத்தி மிதித்தாள்.

"செவுத்த மிதிக்கிற மாதிரி இருக்குதுண்ணே."

நானும் ஏறி மிதித்துப் பார்த்தேன். நின்றது. முருகா என்று அப்படியே ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டேன்.

கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டே அஞ்சலை சொன்னாள்: "கிருத்திகைக்கு வருசா வருசம் நானும் மயிலம் போறவதான். பஸ்ல போவலாம்னு இருந்தேன். மேல நான் எடுத்துனு போயி போடறேன். உனக்குத் தீட்டு. எனக்கு இன்னா தீட்டு?"

அடிவாரம்

கிருத்திகை அன்று விடிகாலையிலேயே அஞ்சலை தலை குளித்து, மஞ்சள் பூசி வந்து நின்றாள். முன் கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே பார்த்தாள். ஓட்டை மிதியடியைப் பார்த்தாள்.

"நான் பின்னாடி குந்திக்கிறேன்" என்றாள். "அது அக்கா எடம்."

திண்டிவனம் ரோட்டில் காவடிக்காரர்கள் கூட்டம் கூட்டமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு இடத்தில் பம்பை மேளச் சத்தத்தில் அருள் வந்த ஒருவர் ஆடிக்கொண்டே ரோட்டின் நடுவுக்கு வந்துவிட்டார். மிதித்தேன். வண்டி சொன்ன இடத்தில் நின்றது. பின் சீட்டில் அஞ்சலை, "அரோகரா" என்றாள்.

எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ஒரு சத்தம் குறைந்தது. இத்தனை வருஷமும் என் கால் மிதிக்கும்போது பக்கத்தில் இன்னொரு கால் மிதிக்கும். அன்று ஒரு கால்தான் மிதித்தது.

அடிவாரத்தில் ஒரு புளியமரத்து நிழலில் வண்டியை நிறுத்தினேன். டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து மஞ்சள் முடிப்பை எடுத்தேன். சரோஜா போட்ட முடிச்சு. அவிழ்க்காமல் அப்படியே கொடுத்தேன்.

"பேரு, நட்சத்திரம் சொல்லுண்ணே. அர்ச்சன வெச்சிடறேன்."

"வேணாம் அஞ்சல. போனவங்க பேருல அர்ச்சன பண்ண மாட்டாங்க. உண்டியல்ல போட்டுட்டுக் கும்பிட்டுட்டு வா. யாருதுன்னு அவருக்குத் தெரியும்."

அவள் கூட்டத்தோடு படியேறிப் போனாள். பச்சைச் சேலை கொஞ்ச தூரம் தெரிந்தது. அப்புறம் எல்லாச் சேலையும் ஒன்றாகிவிட்டது.

வண்டிக்குள் வந்து உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மேலே அரோகரா சத்தம். போன ஆடியில் அந்தப் படியில் அவள் பாதி தூரத்தில் உட்கார்ந்து, "நீங்க போங்க, நான் மெல்ல வர்றேன்" என்றாள். நான் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். நல்லவேளை உட்கார்ந்தேன்.

என் கால் பெடல் மேல் இருந்தது. சும்மா இருக்க முடியவில்லை. ச, ர, வ, ண, ப, வ. ஆறு தடவை மிதித்தேன். ஆறாவதில் அழுத்திப் பிடித்தேன். இந்தச் சீட்டில் உட்கார்ந்து அவள் பார்த்தது இதுதான் போலிருக்கிறது. கண்ணாடி, வெளியே ரோடு, கீழேயிருந்து வருகிற புருஷன் குரல்.

கீழே யாரும் இல்லை. திறக்க ஆள் இல்லாததால் பெடல் இறங்கவில்லை. கல்லு மாதிரி நின்றது. நானும் பிடித்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

கண்ணாடியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நெற்றி நிறைய விபூதியோடு அஞ்சலை குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டாச்சிண்ணே. நல்ல தரிசனம்" என்றாள். அப்புறம், "இன்னாண்ணே இது, நின்னுனு இருக்கற வண்டிக்குப் பிரேக் புடிச்சினு இருக்கற?"

காலை எடுத்தேன்.